எரியாத கண்

அண்ணிக்கு இடது கண்ணில் வலி நின்றுவிட்டது என்று தெரிந்த அன்று எங்கள் வீட்டில் கொண்டாட்டம். அண்ணன் டிப்போவிலிருந்து வரும்போது ஒரு பெட்டி இனிப்பு வாங்கி வந்தான். பஸ் ஓட்டுகிற ஆள், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாதவன், அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்துக்கூட வைத்தான். நானும் ரெண்டு துண்டு தின்றேன். அந்த இனிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணியும் நானும் ஒரே மில்லில்தான் வேலை. மசாலா அரைக்கிற மில். அண்ணி உள்ளே அரவை இயந்திரத்தில். நான் பக்கத்து அறையில், பொடி நிரப்பிய மூட்டைகளுக்கு வாய் தைக்கிறவள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீடு, ஒரே வேலை என்றால் கேட்கிறவர்கள் கன்னத்தில் கை வைத்துக்கொள்வார்கள். சண்டை இல்லாமலா? காலையில் குளியலறைக்கு யார் முதலில் என்பதில் தொடங்கிவிடும். ஆனால் மழை வந்தால் ஒரே குடையில்தான் போவோம். சண்டையையும் அந்தக் குடைக்குள்ளேயே போட்டுக்கொள்வோம்.

அண்ணிக்கு வலது கண் சின்ன வயதிலிருந்தே சோம்பல் கண். ஆள் வருகிறது தெரியும், ஆணா பெண்ணா என்று தெரியாது. "என் உதவாக்கரை" என்றுதான் அதைச் சொல்வாள். பார்க்கிற வேலை முழுவதும் இடது கண்ணுக்கு. பஸ்ஸின் பலகை படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, அரைத்த பொடியை உள்ளங்கையில் பரப்பி நைஸா கொரகொரப்பா என்று பார்ப்பது, எல்லாம் அந்த ஒன்றுதான். ஆகவே அக்கி வந்தது எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். சரியாகப் பார்த்து இடது பக்கம்தான் வந்தது.

முதலில் நெற்றியில் ஒரு சிவப்பு. "ஏதோ பூச்சி" என்றாள். மறுநாள் கொப்புளம் கொப்புளமாக நெற்றி, புருவம், இமை. கோடு போட்டதுபோல நடு நெற்றியோடு நின்றுவிட்டது, அந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை. சீப்பு பட்டால் அலறினாள். தலையணையில் அந்தப் பக்கம் சாய்க்க முடியவில்லை. மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் வந்ததும் தெருமுனை டாக்டர் முகம் மாறிவிட்டது.

"அக்கி மூக்கு நுனிக்கு வந்தா கண்ணுக்கும் போயிருக்கலாம். ரெண்டும் ஒரே நரம்பு. இப்பவே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்க."

போனோம். கண் டாக்டர் ஒரு பெண். அதட்டாமல் பேசுகிறவர். சின்ன வயதில் வந்த அம்மையின் கிருமி உடம்பை விட்டுப் போவதே இல்லையாம், நரம்பின் வேரில் ஒளிந்துகொண்டு கிடக்குமாம், என்றைக்காவது எழுந்து அந்த நரம்பின் வழியாகவே இறங்கி வருமாம். மாத்திரை, சொட்டு மருந்து எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, கதவு வரை வந்து ஒன்று சொன்னார்: "வலி போனாலும் வரணும். வலி போயிடுச்சேன்னு நின்னுடாதீங்க."

நின்றுவிட்டோம். கொப்புளம் காய்ந்தது, தழும்பு ஆனது, கண்ணில் குத்தலும் போனது. "நல்லா இருக்கிற கண்ணை எதுக்குக் கொண்டுபோய்க் காட்டணும்? அங்க உக்கார்ந்தா ஒரு நாள் வேலை போச்சு" என்றாள் அண்ணி. அண்ணன் தலையாட்டினான். அவன் எதற்குத்தான் தலையாட்டவில்லை?

எங்கள் மில்லில் மிளகாய் அரைக்கிற நாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடிகாரம் பார்த்து ஆள் மாற்றுவதில்லை, கண்ணைப் பார்த்துத்தான். இயந்திரத்தில் நிற்கிறவருக்குக் கண் எரிந்து இனித் தாங்காது என்று ஆனால் "மாத்து!" என்று கத்த வேண்டும். உடனே அடுத்த ஆள் வந்து நிற்கும். போனவர் குழாயடியில் கண்ணைக் கழுவிவிட்டு வெளியே மூச்சு வாங்குவார். கண்ணாடிக் கவசம் வாங்கிப்போட்டிருந்தார் முதலாளி. அது ஆவி பிடித்து ஒன்றும் தெரியாது என்று ஆணியில் தொங்கியது. எரிச்சல்தான் எங்களுக்கு மணி. எரிந்தால் மாற வேண்டும், எரியாவிட்டால் நிற்க வேண்டும். அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

அக்கிக்குப் பிறகு அண்ணி வேலைக்கு வந்த முதல் மிளகாய் நாளில், இயந்திரத்தில் ஏறி நின்றவள் "மாத்து" சொல்லவே இல்லை. வலது கண் மட்டும் கொட்டித் தள்ளியது. இடது கண்ணில் பேருக்குக் கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். அடுத்த முறைக்குக் காத்திருந்தவரை எல்லோரும் 'தும்மல்' என்றுதான் கூப்பிடுவோம். மிளகாய் மூட்டையைப் பிரிக்கும் முன்பே தும்முகிறவர்.

"என்னக்கா, உங்களுக்கு எரியலையா?"

"இந்தக் கண்ணுல ஒண்ணுமே இல்லப்பா! அந்த உதவாக்கரைதான் ஊரைக் கூட்டுது."

என்ன செய்தாள் தெரியுமா? தலைத்துணியில் ஒரு பட்டை கிழித்து வலது கண்ணைக் கட்டிக்கொண்டாள். எரிகிற கண்ணை மூடிவிட்டு, எரியாத கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, மிளகாய்ப் புகைக்குள் நின்றாள். தும்மல் கும்பிடாத குறை. "அக்கா, நீங்க இரும்புக் கண்ணு!" அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. எல்லோருடைய முறையையும் இரும்புக் கண்ணே பார்த்தது. இளகின மனசு வேறு. "பாவம், அதுங்க எரிஞ்சு சாகுதுங்க. எனக்கென்ன?" என்பாள். முதலாளி வந்து பார்த்துவிட்டு, "அக்கி வந்தாலும் வந்தது, உனக்கு நல்லதுதான் பண்ணியிருக்கு" என்று சிரித்துவிட்டுப் போனார்.

எனக்கு மட்டும் அது ஒட்டவில்லை. வீட்டில் வெங்காயம் நறுக்கும்போதும் ஒரு பக்கம்தான் கண்ணீர் வந்தது. தலைக்குக் குளிக்கும்போது சோப்பு நுரை இடது கண்ணில் இறங்கியது, அவள் பாட்டுக்குத் திறந்த கண்ணோடு துண்டைத் தேடினாள்.

"அண்ணி, ஒரு தடவை டாக்டர்கிட்ட..."

"ஏன், வலிக்கலையேன்னு உனக்கு வருத்தமா? வலிச்சப்பவும் தொணதொணத்த, இப்பவும் தொணதொணக்கிற."

மறுபடி சொன்னால் சண்டைதான் மிச்சம்.

அப்புறம் அந்த நாள். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட உள்ளே போனேன். இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்த அண்ணி கண்கட்டை அவிழ்த்துக்கொண்டே ஜன்னல் திரையைப் பற்றிப் பேசினாள். பழைய திரை நைந்துவிட்டதாம், நீலத்தில் வாங்கலாமா என்றாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்தது திறந்தபடியே நின்றுவிட்டது.

இடது கண்ணில், கறுப்பு வட்டத்தின் மேலேயே, மிளகாய்த் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்பாக, நகத்துணுக்கு அளவுக்கு. அண்ணி இமைத்தாள். தோல் நகரவில்லை. மறுபடி இமைத்தாள். "என்னடி, நீலம் வேண்டாமா?" என்று கேட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் கண்ணில் அது இருந்தால் நான் மில்லையே இடித்திருப்பேன்.

"அண்ணி, அசையாதீங்க. கண்ணுல மிளகாய் இருக்கு."

"எங்க? ஒண்ணும் இல்லையே."

"கையைக் கொண்டுபோகாதீங்கன்னா!" என்று நான் கத்திய கத்தலில் தும்மல் ஓடி வந்தார். குழாயடியில் தலையைச் சாய்த்துத் தண்ணீர் விட்டு விட்டு அது கழன்று வந்தது. கழன்ற இடத்தில் கறுப்பின் கீழ்ப்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு, பால் சிந்தித் துடைத்ததுபோல. முதலாளியிடம் கேட்கக்கூட இல்லை, மில் வண்டியில் ஏற்றி நானும் ஏறிக்கொண்டேன். வண்டியில்தான் மெதுவாகச் சொன்னாள், கொஞ்ச நாளாகவே மங்கலாக இருக்கிறதாம். பொடித் தூசி என்று நினைத்தாளாம்.

"ஏன் சொல்லலை?"

"வலிக்கலையே."

கண் டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. ஒரு பஞ்சை எடுத்து நுனியை நூலாகத் திரித்தார். முதலில் வலது கண்ணில் தொட்டார். தொட்டதுதான் தாமதம், அண்ணி தலையையே பின்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு இடது கண். பஞ்சின் நுனி கருவிழியைத் தொட்டு வளைந்தது. அண்ணி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஆரம்பிக்கலையா டாக்டர்?" என்றாள்.



மஞ்சள் சொட்டு ஒன்று விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். வெள்ளைத் திட்டு இருந்த இடம் பச்சையாக ஒளிர்ந்தது. மேல்தோல் உரிந்த புண் என்றார். அப்புறம் வேறொரு கருவியில் கண்ணை வைக்கச் சொல்லி, திரையில் படங்களைக் காட்டினார். வலது கண்ணின் படத்தில் வெள்ளை இழைகள் ஒன்றை ஒட்டி ஒன்று ஓடின, சணல் பிரிந்து கிடப்பதுபோல. நான் தினமும் பார்க்கிற சணல். இடது கண்ணின் படத்தில் வெறும் சாம்பல் நிறம். ஓரத்தில் அறுந்த இழை ஒன்றிரண்டு. நடுவில் அங்கங்கே கை கால் முளைத்த வெள்ளைப் புள்ளிகள்.

"இந்த இழைதாம்மா நரம்பு. கருவிழியில ரத்தக்குழாய் கிடையாது, ஆனா நரம்பு அவ்வளவு நெருக்கம். அக்கி அதை அழிச்சிடுச்சு. இந்தப் புள்ளியெல்லாம் கிருமியோட சண்டை போட வந்த செல்லுங்க. சண்டை முடிஞ்சும் போகாம நிக்குதுங்க."

"நரம்பு போனா எரியாது. அவ்வளவுதானே டாக்டர்?" என்றாள் அண்ணி. குரலில் அந்த இரும்புக் கண்ணின் மிச்சம் கொஞ்சம் இருந்தது.

"எரிச்சல் சொல்றது மட்டும் அதோட வேலை இல்லம்மா. மேல்தோல் செல்லு தினமும் உதிரும், புதுசு வரும். அந்தப் புதுசுக்குச் சத்து குடுத்து வளர்க்கிறதும் நரம்புதான். அது இல்லன்னா உதிர்ந்த இடம் உதிர்ந்தபடியே கிடக்கும். நீங்க இமைக்கிறதும் குறைஞ்சிடும், கண் காயும். அதுக்கு மேல மிளகாய்." இன்னொரு படத்தைக் காட்டினார். "உள்பக்கமும் ஒரு வரிசை செல்லு இருக்கு. கருவிழியில நீர் கோக்காம இறைச்சு வெளிய தள்ளுறது அதுதான். அதுலயும் சிலது செத்திருக்கு. அது திரும்ப முளைக்காது."

"அந்தக் கண்ணு?" என்று நான் வலதைக் காட்டினேன்.

"அதுலயும் நரம்பு கொஞ்சம் குறைஞ்சுதான் இருக்கு."

"அக்கி அந்தப் பக்கம் வரவே இல்லையே!"

"ஆமா. ஒரு பக்கம் வந்தாலும் பல பேருக்கு ரெண்டு பக்கமும் குறையுது. ஏன்னு இன்னும் முழுசா தெரியல."

நான் கேட்க நினைத்ததைக் கேட்க நாக்கு வரவில்லை. அண்ணியே கேட்டாள். "புண்ணு மூடலன்னா?"

"ஆழமாகும். ஓட்டை விழலாம். அப்புறம் பார்வை என் கையில இல்ல."

மணிக்கொரு தரம் சொட்டு. அதில் ஒன்று அண்ணியின் ரத்தத்திலிருந்தே எடுத்தது. "என்கிட்ட எடுத்து எனக்கே ஊத்துறீங்களா? எங்க முதலாளி மாதிரியே இருக்கீங்க" என்றாள். டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். ஆனால் அடுத்ததைச் சிரிக்காமல்தான் சொன்னார். அடுத்த முறை வரும்போதும் புண் மூட ஆரம்பிக்கவில்லை, தொட்டால் தெரியவும் இல்லை என்றால், இமையின் வெளி ஓரத்தைச் சேர்த்துத் தைத்துவிட வேண்டும். கண் பாதி மூடியிருந்தால்தான் காயாது, ஆறும்.

"கண்ணைத் தைக்கிறதா! நான் என்ன கோணியா?" என்று அண்ணி எழுந்தே விட்டாள். என்னைக் காட்டி, "இவ மிளகாய் மூட்டை தைக்கிறவதான், இவகிட்டயே குடுத்துடுங்க, சும்மாவே தைச்சுக் குடுப்பா" என்றாள். விளையாட்டுப் பேச்சுத்தான். கை மட்டும் நாற்காலிப் பிடியை விடவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. நான் டார்ச் விளக்கோடு அலைந்தேன். அவள் பல் தேய்க்கும்போது, துணி மடிக்கும்போது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது, "அண்ணி, மேல பாருங்க, கீழ பாருங்க." அண்ணன் சட்டை மாட்டிக்கொண்டே வாசற்படியில் நின்று, "மூடிச்சா?" என்பான். இல்லை என்று தலையாட்டுவேன். அவன் அப்படியே போய்விடுவான். அவன் அந்த மனசோடு பஸ் ஓட்டுகிறானே என்று அது வேறு பயம். அண்ணி கைக்கண்ணாடி முன்னால் உட்கார்ந்து இமையின் ஓரத்தை விரலால் சேர்த்துப் பிடித்துப் பார்ப்பதை ஒரு நாள் பார்த்துவிட்டேன். நான் பார்த்தது தெரிந்ததும் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அடுத்த முறை போனபோது புண் அதே அளவில்தான் இருந்தது. டாக்டர் பஞ்சைத் திரித்து இடது கண்ணுக்குக் கொண்டுபோனார். அண்ணி டக்கென்று இமைத்தாள்.

"தெரியுதா?" டாக்டர் முகம் மலர்ந்தது.

"தெரியுது டாக்டர். குத்துது!"

மறுபடி கொண்டுபோனார். மறுபடி இமைத்தாள். "உணர்ச்சி வருதுன்னா இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்" என்று டாக்டர் எழுதத் திரும்பினார். அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை.

நான் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் பஞ்சும் தெரியும், கண்ணும் தெரியும், நடுவில் இருந்த இடைவெளியும் தெரியும். பஞ்சு வந்து தொடுவதற்கு முன்பே இமை மூடியிருந்தது. ரெண்டு தடவையும். வருவதைப் பார்த்துத்தான் மூடியிருக்கிறாள்.

அடி பாவி அண்ணி! எனக்குக் கோபம் தலைக்கேறியது. உடனே கோபம் வடிந்து பயம் பிடித்துக்கொண்டது. சொன்னால் கண்ணைத் தைப்பார்கள், என்னை மன்னிக்கவே மாட்டாள். சொல்லாவிட்டால் அந்தக் கண் ஓட்டையாகிவிடும். அவளுக்கு இருக்கிற ஒரே கண்.

"டாக்டர், பஞ்சு படலை" என்றேன். "படறதுக்கு முன்னாடியே மூடிட்டாங்க."

அண்ணி திரும்பினாள். "நீ யாரு பக்கம்டி?"

"உங்க கண்ணு பக்கம்!" என்று கத்திவிட்டேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

டாக்டர் அண்ணியைக் கூரையைப் பார்க்கச் சொன்னார். அவள் வலது கண்ணைத் தன் கையால் மறைத்தார். பஞ்சைக் கீழே இருந்து, அவள் பார்வைக்கு வெளியிலிருந்து கொண்டுவந்தார். பஞ்சு தொட்டது, வளைந்தது, நடுவில் இருந்து ஓரத்துக்குப் போனது. இமை அசையவில்லை. அண்ணி கூரையைப் பார்த்தபடி கேட்டாள்: "தொட்டுட்டீங்களா?"

"தொட்டுட்டேம்மா."

அன்றைக்கே தைத்தார்கள்.

அதிலிருந்து அண்ணி என்னோடு பேசவில்லை. சண்டை என்றால் எங்களுக்குப் பேச்சு கூடத்தான் செய்யும். இது வேறு. சொட்டு விடும் நேரத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்வாள், தலையைச் சாய்ப்பாள், விட்டதும் எழுந்து போவாள். அண்ணன் நடுவில் நின்று, "அவ தண்ணி கேக்கிறா", "அவ சாப்பிட்டாச்சாம்" என்று தூது போனான். பிறந்ததிலிருந்து பேசியதைவிட அந்த நாட்களில்தான் அதிகம் பேசியிருப்பான். ஓரம் சுருங்கிய அந்தக் கண்ணோடு அவள் தெருவில் நடக்கும்போது யாராவது உற்றுப் பார்த்தால் எனக்குத்தான் சுருக்கென்றது. தைத்தும் ஆறாவிட்டால் என்ன செய்வேன்? ஆசை ஆசையாகப் பேசுகிற ஒருத்தியின் பேச்சையும் இழந்து, அவள் கண்ணையும் காப்பாற்ற முடியாமல் போனால்? மில்லில் மூட்டைக்கு வாய் தைக்கும்போது ஊசி இறங்குவதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு தடவை விரலோடு தைக்கப் பார்த்தேன்.

பல வாரம் போய் ஒரு பரிசோதனை. டாக்டர் மஞ்சள் சொட்டு விட்டு நீல வெளிச்சம் போட்டார். நான் திரையைப் பார்க்காமல் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பச்சை எதுவும் இல்ல" என்றார். "மூடிடுச்சு. சின்னத் தழும்பு இருக்கு, நடுவுல இல்ல."

எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். அண்ணி படித்தாள். கீழே, இன்னும் கீழே. கடைசிக்கு முந்தின வரியில் திக்கி, அதையும் படித்துவிட்டாள்.

"முழுசா குணம்னு சொல்லமாட்டேன். உணர்ச்சி திரும்ப வராமலே போகலாம். தையலைப் பிரிக்கிறதைப் பத்தி மெதுவா யோசிக்கலாம். சொட்டு நிக்கக் கூடாது. மிளகாய் இயந்திரத்துப் பக்கம் இனிமே போகவே கூடாது. கண்ணு தானா ஒண்ணும் சொல்லாது, யாராவது தினமும் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

"அதுக்குத்தான் ஒருத்தி டார்ச்சோட அலையறாளே" என்றாள் அண்ணி.

என்னைப் பற்றிப் பேசிவிட்டாள்! நான் நிமிர்ந்து பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு நீ மட்டும் வாயை மூடிட்டு இருந்திருந்தா..." என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. உதடு கோணிக்கொண்டது.

வலது கண்ணில் நிறைந்து வழிந்தது. அதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மிளகாய்க்கு, வெங்காயத்துக்கு, சோப்புக்கு, எல்லாவற்றுக்கும் அழுகிற கண் அது. அப்புறம் இடது கண். தைத்த ஓரத்தில் நீர் கோத்து நின்றது, நிறைந்தது, கன்னத்தில் ஒரு கோடாக இறங்கியது.

"டாக்டர்! பாருங்க, இந்தக் கண்ணுலயும் தண்ணி!" எனக்குக் குரல் எகிறிவிட்டது. "நரம்பு வந்துடுச்சா?"

டாக்டர் எட்டிப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினார். "எரிச்சலுக்கு வர்ற கண்ணீருக்குத்தான் கருவிழி நரம்பு சொல்லணும். மனசுல இருந்து வர்றதுக்கு அது வேண்டாம்."

அண்ணி கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமான விரலைப் பார்த்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"பார்த்தீங்களா டாக்டர், ஒரு மில்லு மிளகாயால முடியாததை என் நாத்தனார் பண்ணிட்டா."

இடது கண்ணைத் துடைக்கக் கூடாது, சுத்தமான துணியால் ஒற்றித்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். துணி என் பையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.